மூன்றாம் ஷெட்டை மோந்து பார்த்தவர்

சாத்தூருக்கு வெளியே நாற்கரச் சாலையை ஒட்டி நிற்கும் அரசுக் கிடங்குக்கு ஹாஃபிஸா மேலாளராக வந்த முதல் நாள், லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அரிசி மூட்டை ஒன்றைத் தடவிப் பார்த்து, "இது ரெண்டு தடவை ஒட்டுப் போட்ட சாக்கு. கொக்கி போட்டா கிழியும்" என்றாள். பொம்பளை மேலாளருக்குச் சாக்கைப் பற்றி என்ன தெரியும் என்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி கொக்கியைப் போட்டான். அரிசி அவன் காலடியில் கொட்டியது. அதற்குப் பிறகு அங்கிருந்த இருபத்தாறு சுமைத் தொழிலாளிகளில் ஒருவரும் அவளிடம் வாலாட்டவில்லை.

சாக்கு தெரியாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். அவளுடைய அத்தா செய்யது அபுதாஹிருக்கு விருதுநகரில் பழைய சாக்கு வியாபாரம். வீட்டில் முக்கால்வாசி இடம் சாக்குக் கட்டுகளுக்கு, மிச்சத்தில்தான் குடும்பம். அந்தக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து படித்துத்தான் தேர்வு எழுதினாள், அரசு வேலைக்கு வந்தாள். கணவர் நிஜாம் சிவகாசியில் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்ட். "உங்க வீட்டு வாசலை மிதிச்ச அன்னைக்கு ஆரம்பிச்ச தும்மல், இன்னும் நிக்கல" என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேலாளர் என்றால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கையெழுத்துப் போடுவது என்று நினைப்பவர்கள் ஒரு மழைக்காலத்தில் அங்கே வந்து பார்க்க வேண்டும். ஆறு ஷெட். ஆறும் நிறைந்தால் லட்சம் மூட்டை. சுற்றுவட்டார ரேஷன் கடைகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் லோடு போகும். எந்தக் கூரை ஒழுகும், எந்த அடுக்கு சாய்கிறது, எந்த லாரிக்காரன் மூட்டையை வழியில் மறந்துவிட்டுப் போவான் என்று எல்லாம் ஹாஃபிஸாவின் தலையில். எலி, வண்டு, மழை, மேலதிகாரி என்று நாலு தொல்லை. முதல் மூன்றுக்கு ஏதோ ஒரு வழி உண்டு.

வண்டுக்கு வழி மாத்திரை. மூட்டை அடுக்கைப் பெரிய பிளாஸ்டிக் உறையால் மூடி, விளிம்பெல்லாம் மணல் பைகளை வைத்து அடைத்து, உள்ளே மாத்திரைகளை வைப்பார்கள். அது கரைந்து விஷ வாயுவாகும். ஏழு நாள் கதவைத் திறக்கக் கூடாது. அதன் பிறகு உறையை எடுத்து, நன்றாகக் காற்றாட விட்டு, வாயு மிச்சம் இல்லை என்று மீட்டரில் பார்த்த பின்தான் ஆள் உள்ளே போகலாம். சட்டம் அப்படிச் சொல்கிறது.

மீட்டர், ஹாஃபிஸா வந்த வருடமே செத்துப் போனது. வேறு கேட்டு எழுதினாள். மூன்று பிரதி கேட்டார்கள், அனுப்பினாள். பழைய மீட்டரைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், அதையும் அனுப்பினாள். போனதும் வரவில்லை, புதியதும் வரவில்லை. நாலாவது கடிதத்தோடு அவளும் விட்டுவிட்டாள். விட்டதற்குக் காரணம், சீனிச்சாமி இருந்தார்.

சீனிச்சாமி அந்த இருபத்தாறு பேருக்கும் மேஸ்திரி. ஐம்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா காலம் வரைக்கும் ஆனைக்குட்டம் பக்கம் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை. இவர் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தபோது, ஒரு நாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "வாடை மாறுது, வெளிய ஓடுங்க" என்று பதினோரு பேரையும் அடித்து விரட்டாத குறையாக விரட்டினார். கடைசி ஆள் வேப்பமரத்தைத் தாண்டவும் அறை வெடித்தது. அதன் பிறகு அவர் மருந்தைத் தொடவில்லை, மூட்டை தூக்க வந்துவிட்டார். ஆனால் அந்த மூக்கின் பேர் அவருக்கு முன்னால் கிடங்குக்கு வந்து சேர்ந்திருந்தது. மருந்தோடு பிழைப்பு நடத்துகிற சனங்கள் மத்தியில் அப்படி ஒரு மூக்குக்கு என்ன மரியாதை என்பது வெளியூர்க்காரர்களுக்கு லேசில் புரியாது. மீட்டரைவிட அதைத்தான் நம்புவார்கள். ஹாஃபிஸாவும் நம்பினாள்.

மாத்திரை வாயு, பூண்டும் அழுகின மீனும் கலந்த மாதிரி நாறும். ஷெட்டைத் திறந்து காற்றாட விட்டதும் சீனிச்சாமி எல்லாரையும் வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போவார். வெகு நேரம் வரமாட்டார். அரை மணி நேரம் ஆகும், சில சமயம் முக்கால் மணி நேரம்கூட. ஒவ்வொரு அடுக்காக மோந்து பார்க்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

"மாமா பொண்ணு பாக்கப் போயிருக்காக. காப்பி, பலகாரம் எல்லாம் முடிச்சுட்டுத்தான் வருவாக" என்பான் ஆண்டிச்சாமி.

கடைசியில் வெளியே வந்து, "வாங்கலே, ஒண்ணுமில்ல" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போவார்கள். ஹாஃபிஸா பதிவேட்டில் 'வாயு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மூன்றரை வருடத்தில் நாற்பத்தொரு தடவை அப்படி எழுதியிருக்கிறாள்.

அந்த வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பச்சரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் பச்சரிசி வேண்டும். பட்டாசுக் கம்பெனிகளில் சீசன் வேலை; பெண்கள் காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறார்கள், கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் ரேஷன் கடைக்கு ஓடினால் 'அரிசி வரவில்லை' என்று அட்டை தொங்குகிறது. ஏச்சு கடைக்காரரிடமிருந்து மேலே ஏறி, மேலதிகாரி வரை போய், அங்கிருந்து திரும்பி ஒரு நாள் விடிகாலையில் ஹாஃபிஸாவின் செல்போனில் இறங்கியது. மற்ற ஷெட்டுகளில் இருந்ததெல்லாம் புழுங்கல். பச்சரிசி முழுக்க மூன்றாம் ஷெட்டில், உறைக்குள். மாத்திரை வைத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

"ஏழு நாள் கணக்கு சார்" என்றாள் ஹாஃபிஸா.

"கணக்கெல்லாம் பூச்சிக்குத்தாம்மா. தீபாவளிக்கு எவன் கணக்குப் பாக்குறான்? இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள லோடு கிளம்பணும்" என்றார் மேலதிகாரி.

எழுத்தில் கொடுங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஷெட்டைத் திறக்கச் சொன்னாள். உறையை வெளியிலிருந்தே கயிறு கட்டி இழுத்தார்கள். நான்கு பக்கக் கதவும் திறந்து காற்று நன்றாகத்தான் ஓடியது. ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை, சாரல் கதவு வழியாக உள்ளே பத்தடிக்கு அடித்தது. மூட்டை நனைகிறது என்று சத்தம் கேட்டதும் ஹாஃபிஸா ஓடி வந்து, மூன்று பக்கக் கதவையும் சாத்தச் சொன்னாள். அரிசி நனைந்தால் அவளுக்கு மெமோ வரும். அந்த நேரத்தில் அவளுக்கு அது மட்டும்தான் நினைவில் இருந்தது.

பதினோரு மணிக்கு மழை விட்டது. ஏழு லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, ஒரு தடவை பாத்துட்டு வந்துருங்க" என்றாள்.

சீனிச்சாமி தலைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு விநாடி நின்று மூடியிருந்த கதவுகளைப் பார்த்தார். "சரி மேடம். பயலுகள உள்ள விட்டுறாதீக, நான் வர்றவரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை மணி ஆனது. யாரும் கவலைப்படவில்லை. முக்கால் மணி ஆனது. ஆண்டிச்சாமி, "இன்னைக்கு நிச்சயமே முடிஞ்சிரும் போல" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், ஹாஃபிஸாவும் சிரித்தாள். ஒரு மணி நேரம் நெருங்கியபோதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. "மாமா" என்று ஆண்டிச்சாமி குரல் கொடுத்தான். பதில் இல்லை. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவனும் இன்னொருவனும் உள்ளே ஓடி, பின்பக்க அடுக்கின் ஓரத்தில் கிடந்தவரைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வந்து போட்டார்கள். வாயோரம் நுரை. நாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "இந்த விஷத்துக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாது. இருதயம் மூணு நாள் தாங்குச்சுன்னா பிழைச்சுக்குவார்."

வார்டுக்கு வெளியே பெஞ்சில் சீனிச்சாமியின் மகள் பானுப்பிரியா உட்கார்ந்திருந்தாள். சிவகாசியில் அச்சுக் கம்பெனி வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், விரல் நகத்தில் நீல மை. ஹாஃபிஸா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. அப்பா மூக்குக்குத் தப்பி ஒரு வாடை போகுமா? அதுதான் புரியல."

பானுப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவுக்குத்தான் வாசனையே தெரியாதே மேடம்."

"என்னம்மா சொல்ற?"

"கொரானா வந்துச்சுல்ல, அந்தத் தடவை போனதுதான். திரும்பல. அடுப்புல பால் தீயுறது தெரியாது, கருவாடு சுட்டாத் தெரியாது. வீட்டுல எல்லாருக்கும் தெரியுமே. வேலைக்கு என்னப்பா செய்வீகன்னு கேட்டேன். ஆபீஸ்ல மிசின் இருக்குத்தா, அதுல பாத்துட்டுத்தான் மேடம் உள்ள விடுவாக, நான் சும்மா ஒரு பேருக்குப் போயிட்டு வருவேன்னாக." அவள் ஹாஃபிஸாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிசின் இருக்குல்ல, மேடம்?"

வீட்டில் மிசினை நம்பியிருந்தார்கள். ஆபீசில் மூக்கை நம்பியிருந்தார்கள். இரண்டுமே இல்லாமல் மூன்றரை வருடம் ஓடியிருக்கிறது. "இல்லம்மா" என்று சொன்னாள். பானுப்பிரியா கையை உருவிக்கொண்டாள்.

பதிவேட்டில் தன் கையெழுத்தோடு இருக்கும் நாற்பத்தொரு 'வாயு இல்லை'யும் அன்று அவளைத் தூங்க விடவில்லை. வாடை தெரியாத மனுஷன் உள்ளே போய் அரை மணி, முக்கால் மணி என்ன செய்தார் என்பதுதான் பிடிபடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மேலதிகாரி போன் செய்தார். குரலில் அக்கறை வழிந்தது. "பாருங்கம்மா, விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் வரும். 'மேலாளர் தடுத்தும் கேட்காமல் தன்னிச்சையாக உள்ளே சென்றார்'னு ஒரு வரி போட்டுருங்க. உங்களுக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

அந்த ஒரு வரி போனால் சீனிச்சாமிக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு எதுவும் கிடைக்காது. பதினோரு பேரைக் காப்பாற்றின ஆள், சொல்பேச்சுக் கேட்காமல் போய் விழுந்த ஆளாகிவிடுவார். ஹாஃபிஸா, "பாக்குறேன் சார்" என்று வைத்துவிட்டாள். முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, மகள் முஹ்சினா கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருக்கிறாள்.

நாலாம் நாள் சீனிச்சாமி கண் திறந்தார். பேச விட்டார்கள். மூட்டை இனிமேல் தூக்கவே கூடாது, இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஹாஃபிஸா கட்டிலின் ஓரமாக நின்றாள். பானுப்பிரியா தலைமாட்டில்.

"சாப்பிட்டீகளா மேடம்?" என்று கேட்டார். அதுதான் முதல் வார்த்தை.

"வாசனை தெரியலன்னு ஏன்ணே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? மிசின் வந்திருக்குமா? வேற ஒருத்தன மோந்து பாக்கச் சொல்லுவீக. அவனுக்கு வாடை தெரியும், ஆனா லேசா வந்தா ஒண்ணும் செய்யாதுன்னு மூட்டையத் தூக்கிருவான். எனக்கு முன்னாடி இருந்த மேஸ்திரி அப்படித்தான் ரெண்டு பேர மயக்கம் போட விட்டாரு. எனக்கு இந்த மூக்கால வந்த மருவாதி மேடம். அதையும் விட மனசு வரல. பொய் சொல்லக் கூடாது, அதுவும்தான்."

"அப்ப உள்ள போயி அம்புட்டு நேரம் என்னதான் செஞ்சீங்க?"

"சும்மா உக்காந்திருப்பேன்" என்றார் சீனிச்சாமி. "பின்பக்கம், காத்து வராத மூலையில. தல சுத்துதா, வாந்தி வருதான்னு பாப்பேன். முக்கா மணி நேரம் என் ஒடம்பு தாங்குச்சுன்னா, பயலுக ஒடம்பு நாள் பூரா தாங்கும். அவனுக எளவட்டம்ல. அன்னைக்கு எந்திரிக்கத்தான் நெனச்சேன், காலு வரல."

பானுப்பிரியா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். ஹாஃபிஸாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அதை மறைக்க அவள் முயலவில்லை. நாற்பத்தொரு தடவை அந்த மனுஷனை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்று அவர் பெண் பார்க்கப் போயிருக்கிறார் என்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அன்று சாயங்காலம் அதற்குப் பதில் எழுதினாள். ஏழு நாள் முடியும் முன் திறந்தது யார் சொல்லி, மழைக்குக் கதவைச் சாத்தச் சொன்னது யார், சீனிச்சாமியை உள்ளே போகச் சொன்னது யார் என்று ஒன்று விடாமல். மூன்றில் இரண்டு அவள்தான். மீட்டர் கேட்டு எழுதிய நாலு கடிதங்களின் தேதியைப் போட்டு, அதற்குப் பிறகு மூன்று வருடம் தான் கேட்காமல் இருந்ததையும் எழுதினாள். எந்தச் சோதனையின் பேரில் ஆளை உள்ளே அனுமதித்தீர்கள் என்ற கேள்விக்கு, 'எந்தச் சோதனையும் இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கு முன் நாற்பத்தொரு முறையும் இல்லை' என்று எழுதினாள்.

நிஜாம் இரண்டு தடவை படித்தார். "இதைக் கொடுத்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க, ஹாஃபிஸா."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள். காலையில் அவரே அதைக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தார்.

வீட்டுக்கு அனுப்பவில்லை. விசாரணை முடியும் வரை விருதுநகர் அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார உத்தரவு வந்தது. கிடங்குப் பொறுப்பை ஏற்க தேனிப் பக்கமிருந்து சங்கிலிமுத்து என்று ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பதவிசான ஆள், வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். ஹாஃபிஸா ஒவ்வொரு ஷெட்டாக அழைத்துப்போய்க் காட்டினாள். தொழிலாளிகள் பின்னாலேயே வந்தார்கள். நாலாம் ஷெட்டில் மாத்திரை வைத்து ஏழு நாள் முடிந்திருந்தது. முந்தின நாளே திறந்து காற்றாட விட்டு, சாயங்காலம் பூட்டியிருந்தார்கள். வாசலில் மூன்று லாரிகள்.

"இதை இன்னைக்குத் திறந்துரலாம்ல, மேடம். காஸ் மீட்டர் எங்க இருக்கு?" என்றார் சங்கிலிமுத்து.

"இல்ல. மறுபடியும் கேட்டு எழுதியிருக்கு."

"அப்ப எப்படிப் பாப்பீங்க?"

தொழிலாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆண்டிச்சாமி முன்னால் வந்தான். தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"நான் பாக்கேன் சார். மாமா எப்படிப் பாப்பாகன்னு ஆஸ்பத்திரியில எங்கிட்டயும் சொன்னாக. உள்ள போயி முக்கா மணி நேரம் இருந்துட்டு வர்றேன். எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லாரி நிற்கிறது, லோடு போக வேண்டும், யாராவது ஒருத்தர் போகத்தான் வேண்டும் என்பது அவர்களுக்கு மழை பெய்வது மாதிரி ஒரு விஷயம். சங்கிலிமுத்து முகத்தில் பாரம் இறங்கினது தெரிந்தது. "அப்படியா, அப்ப சரி" என்று சொல்லிச் சாவிக்குக் கை நீட்டினார். மூன்றரை வருடத்துக்கு முன்னால் தன் முகமும் இப்படித்தான் தெளிந்திருக்கும் என்று ஹாஃபிஸா நினைத்தாள்.

சாவிக் கொத்தைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மேடம்?"

"மீட்டர் வரட்டும், தம்பி. வந்ததும் தர்றேன்."

"ஆர்டர் வந்துருச்சே மேடம். இந்த நிமிஷம் நீங்க பொறுப்பில இல்ல. சாவியை வச்சிருக்கிறது தப்பாயிரும்."

"தெரியும்" என்றாள்.

சங்கிலிமுத்து செல்போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார், மேலதிகாரியிடம் பேச. ஆண்டிச்சாமி கிட்டே வந்து மெல்லச் சொன்னான்: "குடுத்துருங்க மேடம். உங்களுக்கு எதுக்கு வம்பு? நான்தான் பாக்கேன்னு சொல்றேன்ல."

"ஆண்டிச்சாமி, உன் ஒடம்பு மீட்டர் இல்ல."

ஹாஃபிஸா ஷெட் கதவில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஆண்டிச்சாமி ஆபீசுக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து கதவுக்கு முன்னால் போட்டான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.